அமாவாசைக்கு வரும் போன்கள்

மேல்மலையனூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு மாதம் என்பது ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை. என்னுடையது ரீசார்ஜ், ஜெராக்ஸ், செல்போன் சர்வீஸ் மூன்றும் ஒரே ஷட்டருக்குள் அடங்கிய கடை. சாதாரண நாளில் டெம்பர் கிளாஸ் ஒட்டுவது, சார்ஜிங் பின் மாற்றுவது, ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது என்று பொழுது போகும். அமாவாசை அன்று மதியத்திலிருந்தே சென்னை, புதுச்சேரி, வேலூர், பெங்களூரு என்று நாலு திசையிலிருந்தும் ஜனங்கள் வந்து இறங்குவார்கள். நள்ளிரவு அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவம் முடிகிற வரை ஷட்டரை இறக்க முடியாது. அன்றைக்கு அதிகம் போவது கேபிளும் பவர் பேங்க்கும். அதற்கு அடுத்தபடியாக வருவது ஒரே மாதிரியான புகார். "தம்பி, போன்ல வைரஸ் பூந்துட்டுது. லாக்க எடுத்தாலே விளம்பரமா வந்து நிக்குது."

அம்மனை ஊஞ்சலில் வைத்துத் தாலாட்டும் நேரம் பார்த்து வீடியோ எடுக்கப் போனைத் தூக்குகிறார்கள். கேமரா திறப்பதற்குள் திரையை அடைத்துக்கொண்டு ஏதோ ஒரு லோன் விளம்பரம். மூலையில் 5, 4, 3 என்று எண் ஓடுகிறது. அது முடிவதற்குள் ஆரத்தி முடிந்துவிடுகிறது. கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தில் எல்லாரும் செய்வது ஒரே காரியம்: ப்ளே ஸ்டோரில் போய் 'வைரஸ் க்ளீனர்' என்று தேடி, முதலில் வருவதை ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு விளம்பரம் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும்.

இந்த வேலையில் நான் முதலில் புரிந்துகொண்டது, ஆப்பை நீக்குவது ஒரு வேலையே இல்லை என்பதுதான். அரை நிமிஷம் போதும். எந்த ஆப் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திரையில் நிற்கும் விளம்பரம் ஏதோ ஒரு கம்பெனியுடையது. அதைக் கொண்டுவந்து நிறுத்தியது போனுக்குள் இருக்கும் வேறொரு ஆப். அது தன் பெயரை எங்கேயும் போட்டுக்கொள்ளாது. லோன் விளம்பரம் வருகிறது என்று லோன் ஆப்பைத் தேடினால் கிடைக்காது.

அதனால் போனைக் கையில் வாங்குவதற்கு முன்னால் நான் கேட்பது, "எப்ப வருது?" என்றுதான். கேம் விளையாடிக்கொண்டிருக்கும்போது அந்த கேமுக்குள் வந்தால் அது வியாபாரம். இலவசமாகக் கொடுத்தவன் விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிறான், பிடிக்கவில்லை என்றால் கேமை எடுத்துவிடலாம். போன் சும்மா இருக்கும்போது, லாக் எடுத்தவுடன், வாட்ஸ்ஆப் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே வந்தால் அது திருட்டுத்தனம். கால் பேசி வைத்தவுடன் ஒரு பெட்டி எழும்பி வந்தால், அழைப்பவர் பெயரைக் காட்டுகிறேன் என்று ஏற்றிய ஆப் மேல் முதல் சந்தேகம். மேலே நோட்டிஃபிகேஷனாக மட்டும் வரிசை கட்டி வந்தால் அநேகமாக அது ஆப்பே இல்லை, அந்தக் கதை வேறு, பிறகு சொல்கிறேன். சில கம்பெனி போன்களில் லாக் திரையிலேயே செய்தியும் படமும் மாறி மாறி வரும். அது போன் கம்பெனியே வைத்துக் கொடுத்தது, செட்டிங்ஸில் அணைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

கோயிலுக்குப் போகிற வழியில் எலுமிச்சைப்பழ மாலை விற்கிற அக்கா ஒருத்தர். ஒரு அமாவாசை சாயங்காலம் கூடையை அப்படியே பக்கத்துக் கடைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தார். வாங்குகிறவர்கள் ஸ்கேன் பண்ணிப் பணம் போடுகிறார்கள். வந்ததா என்று பார்க்கப் போனை எடுத்தால் விளம்பரம் மறைத்துக்கொள்கிறது. "பணம் வந்துதா வரலியான்னு தெரியாம எத்தினி பேர அனுப்பறது? பத்து ரூபா இருவது ரூபா வியாபாரம் தம்பி இது" என்றார்.

போனை மேசைமேல் வைத்து லாக் எடுத்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்ப அணைத்து, திரும்ப எடுத்தேன். அப்போதும் இல்லை. "இவங்க கைல குடுத்தா மட்டும் ஒழுங்கா இருக்குது பாரு" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டார். இது நடக்கக்கூடியதுதான். ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019 அக்டோபரில் 42 ஆப்கள் கொண்ட ஒரு கூட்டத்தைப் பிடித்தது. எல்லாம் ப்ளே ஸ்டோரில் இருந்தவை, மொத்தம் 80 லட்சம் டவுன்லோடு. அவற்றில் லாக் எடுத்த 24 நிமிஷம் கழித்துத்தான் முதல் விளம்பரம் வரும்படி வைத்திருந்தார்கள். கூகுள்காரர்கள் சோதித்துப் பார்க்கும் நேரத்துக்குள் வாலை ஆட்டக் கூடாது என்பதற்காக. சர்வீஸ் கடைக்காரன் சோதிப்பதிலும் அது தப்பித்துக்கொள்ளும். ஆகவே வந்தவுடன் வரவில்லை என்றால் "ஒண்ணும் இல்லையே" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. அக்காவின் போனைத் திறந்தபடியே வைத்துவிட்டு வேறொருவருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். வந்தது. திரை முழுக்க ஒரு செருப்பு விளம்பரம்.

அந்த நேரத்தில் செய்யவேண்டியது என்னவென்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். விளம்பரத்தின் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட வேண்டாம். அது நிஜமான குறியா, குறி மாதிரி வரைந்த படமா என்று தெரியாது; தொட்டால் நேராக ப்ளே ஸ்டோருக்கோ ஏதோ ஒரு வெப்சைட்டுக்கோ கொண்டுபோய்விடும். பதற்றத்தில் பேக் பட்டனையும் அழுத்த வேண்டாம். விளம்பரம் போய்விடும், அதோடு தடயமும் போய்விடும். கீழே இருக்கும் சதுர பட்டனைத் தொட வேண்டும். பட்டன் இல்லாத போனில், திரையின் அடியிலிருந்து மேலே இழுத்து நடுவில் சற்றுப் பிடித்தால், சமீபத்தில் திறந்த ஆப்கள் எல்லாம் அட்டை அட்டையாக வரும். செருப்பு விளம்பரமும் அதில் ஓர் அட்டையாக நிற்கும். அதன் தலையில் ஒரு சின்னப் படம் இருக்கும். அதுதான் ஆசாமி.

அக்காவின் போனில் அந்த இடத்தில் கூகுள் படம் இருந்தது. இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோவார்கள். கூகுளே போடுகிறது, என்ன செய்ய முடியும் என்று விட்டுவிடுவார்கள். ஈசெட் பிடித்த அந்த 42-லும் இதே வேலைதான்: அட்டையைப் பார்த்தால் ஃபேஸ்புக் படமோ கூகுள் படமோ தெரியும். அந்தப் படத்தை அழுத்திப் பிடித்தால் மட்டும் உண்மைப் பெயர் வந்துவிடும். அழுத்திப் பிடித்து 'ஆப் இன்ஃபோ' என்பதைத் தொட்டேன். கூகுள் இல்லை, ஒரு க்யூஆர் ஸ்கேனர். பணம் வாங்க க்யூஆர் அட்டை வைத்தவுடன், "ஸ்கேனர் வேணும்ல" என்று யாரோ நல்ல மனசோடு ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பணம் வாங்குகிறவருக்கு ஸ்கேனர் எதற்கு? பணம் போடுகிறவருக்கும் தனியாக வேண்டாம், யுபிஐ ஆப்புக்குள்ளேயே இருக்கிறது. அதை எடுத்தேன். அக்கா இரண்டு எலுமிச்சம்பழத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் கூடைக்கு ஓடினார்.

எல்லாப் போனிலும் இப்படிக் கையும் களவுமாகப் பிடிபடாது. விளம்பரம் எப்போது வரும் என்று காத்திருக்க நேரமும் இருக்காது. அப்போது எனக்குக் கைகொடுப்பது செட்டிங்ஸில் இருக்கும் 'டிஜிட்டல் வெல்பீயிங்'. நாம் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறோம் என்று தெரிந்துகொள்ள வைத்தது. ஆனால் திரையை ஆக்கிரமித்துக்கொண்டு நிற்கும் விளம்பரமும், அதைக் காட்டுகிற ஆப்பின் கணக்கில்தான் ஏறும். அவலூர்பேட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவரின் போனில் அன்றைய கணக்கைப் பார்த்தால் யூடியூப், வாட்ஸ்ஆப், அதற்கு அடுத்தபடி 'காம்பஸ்'. "தாத்தா, காம்பஸ் பாப்பீங்களா?" என்றால், "அது இன்னா, கணக்குப் பொட்டில இருக்குமே அதா?" என்கிறார். அவர் தொடவே தொடாத ஆப் அன்றைக்கு முக்கால் மணி நேரம் திரையில் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வாஸ்து பார்க்க வந்தவர் திசை பார்க்க ஏற்றிவிட்டுப் போனது என்று பிறகு தெரிந்தது. பேட்டரி கணக்கிலும் டேட்டா கணக்கிலும்கூட இதே மாதிரி பார்க்கலாம்; நான் திரைக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன், அதில் சீக்கிரம் அகப்படும்.

டேட்டா என்றவுடன் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நெட் பேலன்ஸ் எம்பி கணக்கில் போட்ட காலத்தில், சும்மா வைத்த போனில் பேலன்ஸ் குறைந்தால் அன்றைக்கே சண்டைக்கு வந்துவிடுவார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று ஆகிவிட்டது. பாதி பேருக்கு அது மிச்சமாகி ராத்திரி காலாவதியாகிறது. அதில் யார் கை வைக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை.

மூன்றாவது வழி, பர்மிஷன். உண்மையில் இதுதான் ஆணிவேர். ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் மேல் ஏறி உட்கார வேண்டுமானால் அதற்கென்று ஒரு தனி அனுமதி வேண்டும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதற்குள் ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ், அதற்குள் 'டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்'. சாம்சங்கில் 'அப்பியர் ஆன் டாப்' என்று இருக்கும். போனைத் தமிழில் வைத்திருந்தால் பிற ஆப்ஸின் மேலே காட்டுவது என்ற பொருளில் இருக்கும். 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10-இலிருந்து, பின்னால் ஒளிந்திருக்கும் ஆப் தானாகத் திரைக்கு முன்னால் வருவதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். ஆனால் இந்த அனுமதி வாங்கின ஆப்புக்கு அந்தக் கட்டுப்பாட்டில் விலக்கு உண்டு. அதனால்தான் டார்ச் லைட் ஆப்கூட ஏற்றியவுடன் இதைக் கேட்கிறது. கேட்கும்போது நாம் படிக்காமல் பட்டனை வலது பக்கம் தள்ளிவிடுகிறோம்.

அந்தப் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். வட்டமாகத் தலை காட்டுகிற சாட் ஆப், அழைப்பவர் பெயர் காட்டும் ஆப், இவற்றுக்கு அது தேவைப்படலாம். வால்பேப்பருக்கு எதற்கு? ராசிபலனுக்கு எதற்கு? அம்மன் பாட்டு ரிங்டோனுக்கு எதற்கு? சாமி பெயரில் வருகிற ஆப் என்றால் நம் ஜனங்கள் எடுக்கவே பயப்படுவார்கள். ஒரு அம்மா, "அது அம்மன் படம் தம்பி, அழிச்சா தோஷமாயிடாதா?" என்று கேட்டார். படத்தை கேலரியில் சேமித்து வைத்துவிட்டு ஆப்பை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். தெரியாத ஆப் எதையும் உடனே நீக்கிவிட வேண்டியதில்லை. முதலில் இந்த அனுமதியை மட்டும் பிடுங்கிவிட்டு ஒரு நாள் விட்டுப் பாருங்கள். விளம்பரம் நின்றுவிட்டால் ஆசாமி அதுதான். அப்புறம் நிதானமாக நீக்கலாம்.

நீக்கப் போகும்போது சில சேட்டைகள் நடக்கும். முதல் சேட்டை, ஐகானே இருக்காது. முகப்பில் தேடினால் கிடைக்காது. செட்டிங்ஸ் வழியாக 'ஆப்ஸ்' பட்டியலை முழுசாகத் திறந்து, கடைசி வரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். 2023-இல் பிட்டிஃபெண்டர் என்ற நிறுவனம் இந்த ரகத்தில் 60,000 ஆப்களைக் கண்டுபிடித்ததாகச் சொன்னது. அவை ப்ளே ஸ்டோரில் இருந்தவை அல்ல. காசில்லாமல் கேம் தருகிறோம், விளம்பரமில்லாத யூடியூப் தருகிறோம் என்று ஆசைகாட்டும் வெப்சைட்டுகளிலிருந்து இறங்கியவை. ஐகான் கிடையாது. பெயர் இருக்கும் இடத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு எழுத்து. அதனால் பட்டியலின் கடைசியில், படமும் பெயரும் இல்லாமல் ஒரு வெற்று வரி மட்டும் நிற்கும். வேகமாகத் தள்ளினால் திரை முடிந்துவிட்டது என்றுதான் தோன்றும். கீழே ஏதாவது எம்பி கணக்கு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விளம்பரமே இல்லாத யூடியூப் வேண்டும் என்று போனவருக்கு லாக் எடுத்தாலே விளம்பரம் வருகிறது என்றால் அதற்கு யார் என்ன செய்வது?

இரண்டாவது சேட்டை, 'அன்இன்ஸ்டால்' பட்டன் மங்கிக் கிடக்கும், தொட்டால் வேலை செய்யாது. அப்படியென்றால் அந்த ஆப் 'டிவைஸ் அட்மின்' ஆகியிருக்கிறது என்று அர்த்தம். செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடும் இடத்தில் 'அட்மின்' என்று அடித்தால் அந்தப் பக்கம் வந்துவிடும். அதில் 'ஃபைண்ட் மை டிவைஸ்' (இப்போது 'ஃபைண்ட் ஹப்') மாதிரி ஒன்றிரண்டு இருப்பது சகஜம். டார்ச்சும் க்ளீனரும் அங்கே இருந்தால் டிக்கை எடுத்துவிட்டு, பிறகு நீக்க வேண்டும்.

மூன்றாவது, அந்தப் பக்கத்தைத் திறந்தவுடனேயே செட்டிங்ஸ் தானாக மூடிக்கொள்ளும். அது கொஞ்சம் மோசமான ரகம். அநேகமாக 'ஆக்சசிபிலிட்டி' அனுமதியையும் வாங்கி வைத்திருக்கும். கண் தெரியாதவர்களுக்கும் கை வராதவர்களுக்கும் உதவ வைத்த வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பதைப் படிக்கவும் நமக்குப் பதிலாகப் பட்டனை அழுத்தவும் ஆப்பால் முடியும். இப்படிப்பட்ட போனில் யுபிஐயைத் தொடவே தொடாதீர்கள் என்று சொல்லிவிடுவேன். போனை 'சேஃப் மோடு'க்குக் கொண்டுபோக வேண்டும். பெரும்பாலான போன்களில் பவர் பட்டனை அழுத்தினால் வருகிற 'பவர் ஆஃப்' என்ற எழுத்தை விரலால் அழுத்திப் பிடித்தால் கேட்கும். சில கம்பெனிகளில் ஆன் ஆகும்போது வால்யூம் பட்டனைப் பிடிக்க வேண்டியிருக்கும். சேஃப் மோடில் நாம் ஏற்றிய ஆப் எதுவும் ஓடாது, போனோடு வந்தவை மட்டும் ஓடும். எதிர்க்க ஆள் இல்லாத நேரத்தில் உள்ளே போய் ஆக்சசிபிலிட்டி, அட்மின் இரண்டையும் எடுத்துவிட்டு நீக்கிவிடலாம். ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடும்.

சேஃப் மோடிலும் விளம்பரம் வந்தால்? அப்போது குற்றவாளி போனோடு வந்ததிலேயே இருக்கிறான். பெயர் தெரியாத கம்பெனியின் மலிவு போன்களில் இப்படி ஆவதுண்டு. 'ட்ரையாடா' என்ற ஒன்று சில ஆண்ட்ராய்டு போன்களில் தயாரிப்பின்போதே உள்ளே நுழைக்கப்பட்டிருந்ததை 2019 ஜூனில் கூகுளே ஒப்புக்கொண்டது. அதற்குக் கம்பெனி சாஃப்ட்வேர் அப்டேட் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் ஃப்ளாஷ் போட்டு சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்ற வேண்டும். மூவாயிரம் ரூபாய் போனுக்கு அந்தச் செலவு தேவையா என்று நானே கேட்டுவிடுவேன்.

நோட்டிஃபிகேஷனாக மட்டும் வரும் கதையைச் சொல்கிறேன் என்றேன். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுபோகிற விவசாயி ஒருவர், அன்றைய விலை பார்க்க கூகுளில் தேடி ஏதோ ஒரு சைட்டுக்குள் போயிருக்கிறார். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ அழுத்தவும்' என்று வந்திருக்கிறது. மனுஷன் அழுத்தாமல் என்ன செய்வார். அதிலிருந்து 'உங்கள் போனில் 13 வைரஸ்', 'உங்களுக்குப் பரிசு விழுந்தது' என்று நாள் முழுக்க மணி அடிக்கிறது. இதற்கு எந்த ஆப்பையும் நீக்க வேண்டியதில்லை. அந்த நோட்டிஃபிகேஷனையே அழுத்திப் பிடித்தால் எதிலிருந்து வருகிறது என்று காட்டும். 'க்ரோம்' என்று இருக்கும், கீழே அந்த சைட்டின் பெயரும் இருக்கும். க்ரோமுக்குள் செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத பெயர்களை எல்லாம் தடுத்துவிட்டால் முடிந்தது. அவருக்கு இதைச் செய்து கொடுத்தபோது, "வைரஸ் 13-ம் போயிடுச்சா?" என்று கேட்டார். இல்லாததை எப்படிப் போனதென்று சொல்வது!

இவ்வளவு பாடுபட்டு எதற்காக விளம்பரம் காட்டுகிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு தடவை திரையில் காட்டினால் கிடைப்பது சில பைசா. லட்சக்கணக்கான போன்களில், ஒவ்வொரு தடவை லாக் எடுக்கும்போதும் என்று பெருக்கிப் பார்த்தால் புரியும். 2019 ஜனவரியில் ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் இப்படி 85 ஆப்களைக் கண்டுபிடித்தது. மொத்தம் 90 லட்சம் டவுன்லோடு. அதில் பெரியது 'ஈஸி யுனிவர்சல் டிவி ரிமோட்' என்ற ஒன்று, அது மட்டுமே 50 லட்சத்துக்கு மேல். எங்கள் பக்கத்திலும் அரசு கேபிள் பாக்ஸின் ரிமோட் தொலைந்தால் முதலில் செய்வது போனில் ரிமோட் ஆப் ஏற்றுவதுதான். போனில் இன்ஃப்ராரெட் இருந்தால்தான் அது அந்த பாக்ஸோடு பேசும். இப்போது வருகிற பல போன்களில் அது கிடையாது. வேலையே செய்ய முடியாத ஆப் என்றாலும் விளம்பரம் மட்டும் தவறாமல் காட்டும். நூறு ரூபாய்க்குள் ரிமோட் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

கூகுள் சும்மா இருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் இப்படித் தொந்தரவு கொடுத்த கிட்டத்தட்ட 600 ஆப்களை ஒரே வீச்சில் ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கியது. 2022 செப்டம்பரிலிருந்து, எதிர்பாராமல் வருகிற முழுத்திரை விளம்பரத்தை 15 விநாடிக்குப் பிறகும் மூட முடியாமல் வைக்கக் கூடாது என்று விதியும் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ப்ளே ஸ்டோரிலிருந்து தூக்கப்பட்ட ஆப் உங்கள் போனிலிருந்து தானாகப் போய்விடும் என்று இல்லை. அங்கே தேடினால் கிடைக்காது, இங்கே உட்கார்ந்திருக்கும். ஆப் இன்ஃபோவின் அடியில் 'ஆப் டீடெயில்ஸ்' என்று இருப்பதைத் தொட்டு, அது ப்ளே ஸ்டோரில் திறக்கவில்லை என்றால் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

விளம்பரம்தானே, தள்ளிவிட்டுப் போகலாம் என்று இருப்பவர்களுக்கு நான் சொல்வது 'ஏஜென்ட் ஸ்மித்' கதை. 2019 ஜூலையில் செக் பாயின்ட் நிறுவனம் வெளியிட்டது. உலகம் முழுக்க இரண்டரைக் கோடி போன்கள், அதில் ஒன்றரைக் கோடி இந்தியாவில். 9ஆப்ஸ் என்ற வெளிக் கடையிலிருந்து கேம், போட்டோ ஆப் என்று இறங்கி, கூகுள் சம்பந்தப்பட்டது மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு, போனில் ஏற்கெனவே இருக்கும் வாட்ஸ்ஆப் போன்ற நல்ல ஆப்களை எடுத்துவிட்டு அவற்றின் இடத்தில் விளம்பரம் காட்டும் நகலை வைத்தது. அது விளம்பரம் காட்டிச் சம்பாதிப்பதோடு நிறுத்திக்கொண்டது. வாட்ஸ்ஆப்பையே மாற்றி வைக்கத் தெரிந்தவனுக்கு அடுத்த படி எவ்வளவு தூரம்? பி.எம். கிசான் பெயரிலும் ஆர்டிஓ சலான் பெயரிலும் கல்யாணப் பத்திரிகை பெயரிலும் வாட்ஸ்ஆப்பில் வருகிற ஏபிகே ஃபைல்கள், அதாவது ப்ளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை ஏற்றிப் பணத்தைத் திருடுகிறவை, அந்த அடுத்த படிதான். 'இன்ஸ்டால் அன்நோன் ஆப்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்து வாட்ஸ்ஆப், க்ரோம், ஃபைல் மேனேஜர் மூன்றுக்கும் அனுமதி அணைந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள்.

சில பேருக்கு ஆப்பை எடுத்துவிட்டால் மட்டும் போதாது. அது செய்த வேலையும் வேண்டும். இதை மறந்துவிட்டு நீக்கிக் கொடுத்தால் அடுத்த அமாவாசைக்கு அதே ஆப்போடு திரும்பி வருவார்கள். படிக்கத் தெரியாத பெரியம்மாக்களுக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று போன் பெயர் சொல்ல வேண்டும். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன மகன் கூப்பிடுகிறானா, கடன்காரன் கூப்பிடுகிறானா என்று எடுப்பதற்கு முன்னால் தெரிய வேண்டாமா? அதற்காக ஏற்றிய ஆப்தான் விளம்பரமும் காட்டுகிறது. கூகுளின் 'போன்' ஆப் இருக்கிற போனில் அதன் செட்டிங்ஸுக்குள்ளேயே 'காலர் ஐடி அனௌன்ஸ்மென்ட்' என்று இருக்கிறது. அதை 'ஆல்வேஸ்' என்று வைத்தால் போதும், வெளியிலிருந்து எதுவும் வேண்டாம். டார்ச் மேலிருந்து இழுத்தாலே இருக்கிறது. ஃபைல் அனுப்ப 'க்விக் ஷேர்' இருக்கிறது. 2020 ஜூனில் அரசு தடை செய்த 59 ஆப்களில் ஷேரிட்டும் ஒன்று என்று தெரியாமல், அதே பெயரில் வெளியிலிருந்து இறக்கி ஏற்றிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இடம் அடைத்துக்கொண்டால் 'ஃபைல்ஸ் பை கூகுள்' போதும். க்ளீனர், பூஸ்டர், பேட்டரி சேவர், கூலர் என்ற நான்கு வகையை எந்தக் கம்பெனி கொடுத்தாலும் நான் ஏற்ற மாட்டேன்.

கொஞ்சம் விவரம் தெரிந்த பையன்கள் 'ப்ரைவேட் டிஎன்எஸ்' மாற்றி விளம்பரத்தை நிறுத்திக் காட்டுவார்கள். ஆண்ட்ராய்டு 9-இலிருந்து இருக்கும் வசதி, நல்ல வசதிதான். ஆனால் இந்த நோய்க்கு அதை முதல் மருந்தாகக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. விளம்பரம் நின்றுவிடும், ஆப்பும் அதற்குக் கொடுத்த அனுமதிகளும் அப்படியே இருக்கும். தொந்தரவு இல்லாததால் யாரும் தேடவும் மாட்டார்கள். முதலில் ஆளைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, பிறகு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளலாம்.

ரீசெட் போடச் சொல்லிக் கேட்பவர்கள்தான் அதிகம். போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்ஆப் பேக்கப் எல்லாம் எடுத்து வைக்காமல் ரீசெட் போட்டால் அழுவது யார் என்று நான் முதலில் கேட்பேன். அதையும் மீறிப் போடவேண்டி வந்தால், கடைசியில் ஜிமெயில் போட்டவுடன் போன் ஒன்று கேட்கும்: பழைய ஆப்களையெல்லாம் திரும்பக் கொண்டுவரட்டுமா என்று. அவசரத்தில் 'ரீஸ்டோர்' அழுத்தினால் எந்த ஆப்புக்காக ரீசெட் போட்டோமோ, அது ப்ளே ஸ்டோரில் இன்னும் இருந்தால் அதுவும் சேர்ந்து வந்து இறங்கும். அந்தப் பட்டியலைத் திறந்து, எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, வாட்ஸ்ஆப், பேங்க், யுபிஐ, கேஸ் புக்கிங் என்று தேவையானதை மட்டும் வாடிக்கையாளரையே வாயால் சொல்லச் சொல்லி ஒவ்வொன்றாகத் தொடுவேன். அவர் வாயில் வராத ஆப்பை ஏற்றுவதில்லை.